பூட்டிக் கிடந்த வில்லுப்பாட்டு

என் அலமாரியில் 1980-களில் பதிவான ஒலிநாடாக்கள் சில இருக்கின்றன. நாகர்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்களின் கோயில் கொடை விழாக்களில் பாடப்பட்ட வில்லுப்பாட்டுகள் அவை. பதிந்தவர் எங்கள் கல்லூரித் தமிழ்த்துறையில் எனக்கு முன்பு வேலை பார்த்த பேராசிரியர். ஓய்வு பெற்றுப் போகும் நாளில் ஒரு துணிப்பையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். சில இடங்களில் நாடா இழுபடும். இரைச்சல் உண்டு. ஆனாலும் இன்றைக்கும் எந்த நிறுவனத்து டேப்ரெக்கார்டரில் போட்டாலும் பாடும். 1963-ல் பிலிப்ஸ் இந்தக் கேசட்டை வெளியிட்டது. பிறகு அதே அமைப்பை மற்ற நிறுவனங்களும் கட்டணமில்லாமல் செய்துகொள்ள விட்டுக்கொடுத்தது. அதனால் ஜப்பான்காரர் செய்த கேசட்டை டில்லியில் செய்த பெட்டியில் போட்டுக் கேட்க முடிந்தது. கேசட் செய்தவருக்கும் பெட்டி செய்தவருக்கும் ஒப்பந்தம் எதுவும் தேவைப்படவில்லை.

அதே ஊர்களில் நான் 2005-க்குப் பிறகு பதிந்த பாட்டுகள் பத்தாண்டு முடிவதற்குள் வாயடைத்துப் போயின. வன்தட்டு கெடவில்லை, கோப்பில் ஒரு பைட்டும் குறையவில்லை. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அவற்றைத் திறக்கத் தெரிந்த மென்பொருள் மட்டும் உலகத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது. அந்தக் கோப்புகளை வீட்டுக் கணினியில் வைத்து மீட்ட கதை இது. இதைப் போன்ற கோப்புகள் எத்தனையோ வீடுகளில் கிடக்கின்றன என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

துபாயில் வேலை பார்த்த என் மைத்துனர் விடுமுறைக்கு வந்தபோது ஒரு டிஜிட்டல் குரல்பதிவுக் கருவியைக் கொண்டுவந்து கையில் தந்தார். சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியாது. சின்ன பேட்டரிகள் போட்டால் ஒரு கொடையின் முழு இரவும் ஓடும். அதுவரை கொடைக்குப் போவதென்றால் தோளில் டேப்ரெக்கார்டர், பை நிறையக் கேசட். 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். அது முடிந்ததும் பொத்தான் தெறித்து நிற்கும். திருப்பிப் போடுவதற்குள் கதையில் நாலு வரி போய்விடும். சாமக்கொடையில், சாமியாடிக்கு அருள் ஏறிவரும் நேரத்தில், புலவரைக் கொஞ்சம் நிறுத்துங்கள் என்று சொல்ல முடியுமா? புதுக் கருவியில் அந்தக் கவலை இல்லாமல் போனது. முத்துப்பட்டன் கதையைக் குடியழைப்பிலிருந்து விடியற்காலம் வரை ஒரே கோப்பாகப் பதிந்த இரவில் எனக்கு வந்த சந்தோஷம் இப்போதும் நினைவிருக்கிறது.

வில்லுப்பாட்டை மேடையில் மட்டும் பார்த்தவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். சென்னை மேடைகளிலும் வானொலியிலும் அதைப் பரப்பியவர் சுப்பு ஆறுமுகம். 2022-ல் மறையும்வரை அந்தப் பணியை விடவில்லை. அவர் குரல் பல இடங்களில் பதிவாகி இருக்கிறது. கொடையில் பாடும் புலவர்களின் நிலை வேறு. அவர்கள் பாட்டு அந்த ஊர்ச் சாமிக்கு, அந்த ஊர் ஆட்களுக்கு. பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்துகொண்ட பிராமணன் முத்துப்பட்டன், மாடு காக்கப் போய் உயிர்விட்ட கதையை நா. வானமாமலை பதிப்பித்திருக்கிறார். அச்சில் வரி கிடைக்கும். அந்த வரியை ஒரு புலவர் எங்கே இழுத்தார், எங்கே நிறுத்தி வலத்தே இருப்பவரைப் பேசவிட்டார், எங்கே கூட்டத்தைப் பார்த்துச் சொந்தமாக ஒரு சொல் சேர்த்தார் என்பதெல்லாம் அச்சில் வராது. ஒலிப்பதிவில்தான் வரும். பல புலவர்களுக்கு நான் எடுத்த பதிவு ஒன்றுதான் இருந்தது.

கருவியில் ஒரு விஷயம் இருந்தது. அதன் கம்பியைக் கணினியில் செருகினால் பென் டிரைவைப்போலத் திறக்காது. கூடவே வந்த சிடியிலிருந்து ஒரு மென்பொருளை நிறுவி, அதன் வழியாகத்தான் கோப்புகளை இறக்க வேண்டும். இறக்கிய கோப்புகளை வின்ஆம்ப் திறக்காது, வேறெதுவும் திறக்காது, அந்த மென்பொருள் மட்டும் திறக்கும். விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய எங்கள் வீட்டுக் கணினியில் அது ஒழுங்காகவே வேலை செய்தது. பாடுகிற கோப்பை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு கொடைகள் சேர்ந்தன, கோப்புகள் சேர்ந்தன.

பிறகு அந்தக் கணினியின் தாய்ப்பலகை போனது. புதிதாக வாங்கியதில் 64 பிட் விண்டோஸ். சிடியைப் போட்டால் நிறுவியே ஓடவில்லை. அந்தக் கருவியின் உற்பத்தியும் அதற்குள் நின்றுவிட்டது. கோப்பு எந்த முறையில் எழுதப்பட்டிருக்கிறது என்ற விவரத்தை நிறுவனம் வெளியிட்டதே இல்லை. ஆகவே வேறு யாரும் அதற்கு மென்பொருள் எழுதவும் வழியில்லை. இதற்கிடையில் நான் பதிந்த புலவர்களில் சிலர் காலமாகிவிட்டார்கள். ஒருவரின் மகள் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வீடு தேடி வந்து, "சார், அப்பாக்க பாட்டு உங்கட்ட இருக்குல்லா? ஒண்ணு போட்டுத் தாருங்க" என்று கேட்டார். இருந்தது. கொடுக்க முடியவில்லை.

பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டரில் காட்டினேன். அங்கிருந்த பையன் கோப்பின் பெயருக்குப் பின்னால் இருந்த எழுத்துகளை அழித்துவிட்டு எம்பி3 என்று எழுதினான். அன்றைக்கு ஊரில் பலரும் அப்படித்தான் செய்தார்கள். மொபைல் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருபவர்களும் இதையே செய்து பார்ப்பார்கள். பெயர் மாறியது. பாட்டு வரவில்லை. பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் தங்கை மகன்தான் இதைப் பொறுமையாக விளக்கினான். "மாமா, பேர மாத்தினா உள்ள இருக்கது மாறாது. உள்ள எந்த மொறையில சுருக்கி வச்சிருக்கான்னு தெரிஞ்ச மென்பொருள்தான் தெறக்கும். அதத் தெறந்து, எல்லாருக்கும் தெரிஞ்ச மொறையில திரும்ப எழுதணும்." கணினி பற்றி யாரிடமும் நான் கேட்ட விளக்கங்களில் இவ்வளவு தெளிவானது வேறில்லை.

அவனிடம் உபுண்டு சிடி ஒன்று இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் உலகம் முழுக்கத் தபாலில் இலவசமாக அனுப்பிய காலத்துச் சிடி. அதை என் கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவினான். முதலில் சுலபமானவற்றை எடுத்தோம். மாணவர் ஒருவர் இணையத்திலிருந்து இறக்கித் தந்த வானொலிப் பேட்டிகள் ரியல்ஆடியோவில் இருந்தன. 1995-ல் வந்த முறை அது. டயல்அப் மோடம் காலத்தில், கோப்பு முழுதும் இறங்குமுன்பே கேட்க வழிசெய்ததால் பரவியது. அந்த நாள்களில் தமிழ்ப் பாட்டுத் தளங்கள் பலவும் ரியல்பிளேயர் இருந்தால்தான் பாடும். அதன் சுருக்குமுறை நிறுவனத்தின் சொத்துதான். ஆனால் அதற்குள் தன்னார்வ நிரலாளர்கள் கோப்புகளைப் பைட் பைட்டாக ஆராய்ந்து, உள்ளே என்ன நடக்கிறது என்று கண்டுபிடித்து, திறந்த நிரலாகவே எழுதி வைத்திருந்தார்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் அது சேர்ந்திருந்தது. 2000-ல் ஃபாப்ரிஸ் பெல்லார் தொடங்கிய திட்டம். இடைமுகம், பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் கோப்பு மாறிவிடும். நோக்கியா போனில் பதிந்த ஏஎம்ஆர் கோப்புகளும் அதே வழியில் மாறின. ஒரு மாலைப் பொழுதில் அந்த வேலை முடிந்தது.

குரல்பதிவுக் கருவியின் கோப்புகள் அதற்கும் மசியவில்லை. அவற்றின் சுருக்குமுறையை யாரும் பிரித்தறிந்திருக்கவில்லை. ஆக, பழைய மென்பொருளையே ஓட வைக்க வேண்டும். என் மனைவி எந்தப் பொருளின் பெட்டியையும் வீசமாட்டார். கருவி வந்த அட்டைப்பெட்டி, அதற்குள் சிடி, அதன் உறைமேல் இருந்த எண் எல்லாம் பரணில் பத்திரமாக இருந்தன. தங்கை மகன் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற திறந்த மென்பொருளை நிறுவி, என்னிடமிருந்த எக்ஸ்பி சிடியை அதற்குள் போட்டான். கணினிக்குள்ளேயே ஒரு பழைய கணினி எழுந்து நின்றது. செத்துப்போன பெட்டியிலிருந்து வன்தட்டைக் கழற்றி, யுஎஸ்பி உறையில் போட்டுச் செருகினோம். பழைய மென்பொருள் ஓடியது. முதல் கோப்பைத் திறந்ததும் காப்புப் பாட்டு வந்தது. ஒலிபெருக்கியை உரக்க வைத்து, பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன்.

2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. நாங்கள் வேலையைச் செய்தது அதற்குச் சற்று முன்பு. அந்த மென்பொருளில் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, வேவ் முறையில் வேறாகச் சேமிக்க வேண்டும். அப்போது எங்கள் பக்கம் மின்வெட்டுக் காலம். யுபிஎஸ் தாங்குவது கொஞ்ச நேரம். மின்சாரம் போகும் மணி தெரிந்து, அதற்கேற்பக் கோப்பைத் தேர்ந்தெடுத்துக்கொண்டோம். நீளமானவற்றை இரவில், சின்னவற்றைப் பகலில். ஒரு கோடை விடுமுறை அதிலேயே போனது. அதற்காக நான் வருந்தவில்லை.

சில பாட்டுகள் கணினிக்கு இறக்கப்படாமல் கருவிக்குள்ளேயே இருந்தன. மெய்நிகர்க் கணினிக்குக் கருவி பிடிபடவில்லை. அவற்றுக்கு வேறு வழி, எல்லா வழிகளிலும் பழையது. கருவியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து 3.5 மி.மீ. கம்பி ஒன்றைக் கணினியின் லைன்-இன் துளைக்குக் கொடுத்து, கருவியைப் பாடவிட்டு, இந்தப் பக்கம் ஆடாசிட்டியில் பதிவது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிறந்து 2000-ல் வெளிவந்த இலவச மென்பொருள் ஆடாசிட்டி. இதில் ஐந்து மணி நேரப் பாட்டுக்கு ஐந்து மணி நேரமும் உட்கார வேண்டும். ஒலி அளவு உச்சத்தைத் தொட்டால் சிதறிவிடும். ஆகவே சாமியாடியின் சத்தத்தை வைத்து முதலில் அளவு பார்த்து, அதற்குக் கீழே நிறுத்திக்கொண்டேன். கருவியை அடாப்டரில் ஓட்டியபோது அடியில் ஒரு ரீங்காரம் கேட்டது, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல். பேட்டரியில் ஓட்டியதும் போய்விட்டது. இந்த மீட்பு வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது இதுதான். ஒவ்வொரு கதையையும் முதல் வரியிலிருந்து கடைசி வரை மறுபடி கேட்டேன்.

வேவ் கோப்புகள் கிடைத்தபிறகு அவற்றை எந்த முறையில் நிரந்தரமாக வைப்பது என்ற கேள்வி வந்தது. நான் விடாப்பிடியாகத் திறந்த முறை வேண்டும் என்றேன். ஒருமுறை பூட்டிக்கொண்ட வீட்டில் மறுபடி குடியேற மனம் வரவில்லை. அங்கேதான் ஃப்ளாக் பற்றித் தங்கை மகன் சொன்னான். ஜோஷ் கோல்சன் என்பவர் எழுதத் தொடங்கி, 2001 ஜூலையில் முதல் நிலையான பதிப்பாக வெளியிட்டது. ஒலியில் ஒரு துளியும் விடாமல் கோப்பை ஏறத்தாழப் பாதியாகச் சுருக்கும். விரித்தால் பழைய வேவ் அச்சு அசலாகத் திரும்ப வரும். வடிவத்தின் முழு விவரமும் வெளிப்படையாக எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. 2024 டிசம்பரில் இணையத் தர ஆவணமாகவே அது வெளிவந்துவிட்டது. அந்த ஆவணத்தை வைத்துக்கொண்டு 50 ஆண்டு கழித்தும் ஒரு நிரலாளர் திறப்பான் எழுதிவிடலாம், யார் அனுமதியும் வேண்டாம்.

ஃப்ளாக்கில் என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதியிலும் மூல ஒலியிலிருந்து கணக்கிட்ட ஒரு கைரேகை எண் பதிந்திருக்கும். எப்போது வேண்டுமானாலும் கோப்பைச் சோதிக்கச் சொன்னால், உள்ளே இருக்கும் ஒலியிலிருந்து அந்த எண்ணை மறுபடி கணக்கிட்டு ஒப்பிடும். பொருந்தினால் ஒலி கெடவில்லை. ஆண்டுக்கொரு முறை, ஆடி மாதத்தில், எல்லாக் கோப்புகளையும் இப்படிச் சோதிக்கிறேன். ஓலைச்சுவடிகளை வெயில் காட்டி எண்ணெய் பூசி வைத்த வழக்கத்தை நினைத்துக்கொள்வேன்.

ஃப்ளாக்கோடு சேர்த்துப் பேசப்படும் இன்னொரு பெயர் ஆக் வார்பிஸ். எம்பி3-க்கு உரிமக் கட்டணம் கேட்கப்போவதாக 1998-ல் ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனம் கடிதம் அனுப்பியது. அதன்பிறகு கிறிஸ் மான்ட்கோமரி என்ற அமெரிக்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் காப்புரிமைத் தளை இல்லாத ஒரு முறையை எழுத வேகமெடுத்தார்கள். 2002 ஜூலையில் முதல் பதிப்பு வந்தது. தாங்கள் செய்ததை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிவைத்துவிட்டுப் போன இந்த மனிதர்களை நான் பார்த்ததில்லை. குமரி மாவட்டத்துக் குடம் அடிப்பவர் ஒருவரின் தாளம் தங்கள் உழைப்பால் காப்பாற்றப்பட்டது அவர்களுக்கும் தெரியாது. என் நன்றி அவர்களுக்கு உண்டு.

கோப்பு மாறியபிறகு, தந்தையின் பாட்டைக் கேட்டு வந்த அந்தப் பெண்ணை வீட்டுக்கு வரச்சொன்னேன். அண்ணனையும் கூட்டிக்கொண்டு வந்தார். முத்துப்பட்டன் கதையைப் போட்டேன். தந்தையின் குரல் வந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன்தான் கேட்டார். "சார், மணிச் சத்தம் எங்க போச்சு? எங்க வில்லு மணிக்குச் சத்தம் கூடுதல்லா?"

சரியான கேள்வி. வில்லுப்பாட்டின் வில் பனையிலோ இரும்பிலோ ஆனது. அதில் வரிசையாக மணிகள் கட்டியிருக்கும். புலவர் வீசுகோலால் நாணை அடிக்கும்போதெல்லாம் மணிகள் சேர்ந்து ஒலிக்கும். கதையின் வேகம் கூடக்கூட அந்த ஒலி அடர்ந்துகொண்டே போகும். பதிவில் குரல் இருந்தது. குடத்தின் வாயில் பத்தி விழும் அடி இருந்தது. உடுக்கு இருந்தது. மணி, தகரத்தைத் தூரத்தில் உரசுவதாக மாறிப்போயிருந்தது.

காரணம் கருவியின் பிறப்பிலேயே இருக்கிறது. அது அலுவலகத்தில் கடிதம் சொல்லவும் கூட்டக் குறிப்பு எடுக்கவும் செய்யப்பட்டது. இடம் மிச்சப்படுத்த, நொடிக்கு 8,000 முறை மட்டும் ஒலியை அளந்த முறையில்தான் நான் பெரும்பாலும் பதிந்திருந்தேன். முழு இரவும் அடங்க வேறு வழியில்லை. அளக்கும் எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வுகள் பதிவில் ஏறாது. அதாவது 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் கிடையாது. இசை சிடியில் நொடிக்கு 44,100 முறை அளக்கிறார்கள், மனிதக் காது கேட்கும் எல்லை முழுவதும் அடங்கிவிடும். பேச்சுப் புரிய 4,000 போதும். மணியின் உயிர் அதற்கு மேலே இருக்கிறது. போதாததற்கு, இத்தகைய பேச்சுச் சுருக்குமுறைகள் மனிதத் தொண்டையையும் வாயையும் மாதிரியாக வைத்துக் கணக்கிடுபவை. உள்ளே வருவது பேச்சு என்று எண்ணியே சுருக்கும். மணியும் தாளமும் அதன் கணக்கில் இல்லாத ஒலிகள்.

எந்த மாற்றமும் அந்த மணியைத் திருப்பிக் கொண்டுவராது. இதை ஒளிக்காமல் அவர்களிடம் சொன்னேன். குறைவாகப் பதிந்ததை ஃப்ளாக்காக மாற்றினால் தரம் கூடாது, இருக்கும் தரம் இனிக் குறையாது, அவ்வளவுதான். எம்பி3 போன்ற முறையில் மாற்றினால் ஏற்கெனவே இழந்ததன்மேல் இன்னொரு இழப்பு ஏறும். அதனால்தான் மூலப்படியை எப்போதும் இழப்பில்லாத முறையில் வைக்கவேண்டும் என்கிறேன். இரைச்சலைக் குறைக்க ஆடாசிட்டியில் வசதி உண்டு. தங்கை மகன் போட்டுக் காட்டினான். கூட்டம் பேசுவது, ஜெனரேட்டர், வெடிச் சத்தம், பெண்கள் குலவை எல்லாம் பின்வாங்கின. கூடவே புலவர் மூச்சு வாங்குவதும் போனது. மூலப்படியில் கை வைக்கக்கூடாது என்று நிறுத்திவிட்டேன். குலவை இல்லாத கொடை உண்டா? கேட்பவர்க்குத் தனியாக ஒரு படி வேண்டுமானால் அதில் என்னவும் செய்துகொள்ளட்டும்.

அந்த அண்ணன் கேட்ட கேள்விக்குப் பிறகு நான் வேவ் கோப்பாகவே பதியும் கருவி ஒன்றை வாங்கினேன். 48,000 முறை, 24 பிட். செருகினால் பென் டிரைவாகத் திறக்கும், மென்பொருள் எதுவும் கேட்காது. பேராசிரியர் தந்த கேசட்டுகளையும் அதே அளவில்தான் மாற்றினேன். உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கமான ஐயாசா பழைய ஒலிப்பதிவுகளை மாற்ற அதற்குக் குறையக்கூடாது என்கிறது. அவர் 1980-களில் பதிந்த கேசட்டில் வில்மணி கேட்கிறது. பின்னால் வந்த என் டிஜிட்டல் பதிவில் கேட்கவில்லை.

கோப்புகளுக்குப் பெயரிடும் வேலையில் இன்னும் சில மாதங்கள் போயின. என் பழைய கோப்புப் பெயர்கள் பாமினி எழுத்துருக் காலத்தவை, திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து நிற்கும். எம்பி3-யின் முதல் குறிப்பு முறையில் பாட்டின் தலைப்புக்கு 30 பைட் மட்டுமே இடம். இன்றைய யூனிகோடு முறையான யூடிஎஃப்-8-ல் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். 10 குறிக்குமேல் போகாது. முத்துப்பட்டன் கதை என்று எழுதி முடிப்பதற்குள் இடம் தீர்ந்துவிடும். ஃப்ளாக்கில் அந்தத் தடை இல்லை. வேண்டிய பெயரில் வேண்டிய தலைப்புகளை நாமே உண்டாக்கித் தமிழிலேயே எழுதலாம். புலவர், வலத்தே, இடத்தே, குடம், உடுக்கு, தாளம், கட்டை, கோயில், ஊர், கொடை நாள், கதை என்று தலைப்புகள் வைத்தேன். புத்தகங்களில் புலவர் பெயர் வரும். குடம் அடித்தவர் பெயரை யாரும் எழுதுவதில்லை. என் கோப்புகளில் அவர் பெயர் இருக்கிறது. தெரியாத பெயர்களை ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதினேன். அதில் ஒருவரின் பேரன், தாத்தா பெயரைக் கணினித் திரையில் பார்த்துவிட்டுச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

கொடுக்கும் படிக்கு எம்பி3 போதும் என்பது என் முடிவு. இதில் நண்பர்கள் சிலர் என்னோடு சண்டை பிடித்தார்கள். திறந்த முறையில் உறுதியாக நின்றால் ஆக் வார்பிஸில்தானே கொடுக்க வேண்டும் என்றார்கள். கோயிலில் மைக்செட் போடுபவரின் பெட்டி எம்பி3 மட்டும்தான் பாடும், பல குடும்பங்களின் கையில் இருப்பதும் அதுவே. எம்பி3-க்கான உரிமத் திட்டம் 2017 ஏப்ரலில் முடிவுக்கு வந்தது. இப்போது அதற்கும் யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை. பாடியவரின் வீட்டில் பாட்டு கேட்கவேண்டும், அதுதான் முதலில். மூலப்படியைத் திறந்த முறையில் இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வீடுகளில் வைத்திருக்கிறேன். ஒன்று தங்கை மகனிடம். கருவி எழுதிய பழைய கோப்புகளையும் அழிக்கவில்லை. நாளைக்கு யாராவது அந்தச் சுருக்குமுறையைப் பிரித்தறிந்து, பழைய மென்பொருளைவிடத் திருத்தமாக விரிக்கலாம்.

பாட்டு பாடியவருடையது, அந்தச் சாமிக்கு உரியது, ஊருக்கு உரியது. அதைக் கேட்க ஒரு நிறுவனத்தின் மென்பொருள் உயிரோடிருக்க வேண்டும் என்ற நிலையை நான் ஏற்கமாட்டேன். நாட்டார் வழக்காற்றை ஆராயும் மாணவர்களுக்கு வகுப்பில் இதை முதல் பாடமாகவே சொல்கிறேன். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையம்போன்ற இடங்களுக்குப் பதிவைக் கொடுக்கும் மாணவர், எந்தக் கருவியில், எந்த அளவில் பதிந்தோம் என்பதையும் எழுதிக் கொடுக்கவேண்டும். எதிர்காலத்தில் கேட்பவர்க்கு மணிச் சத்தம் ஏன் இல்லை என்று தெரியவேண்டும் அல்லவா?

இதைப் படிப்பவர்கள் வீட்டில் பழைய குரல்பதிவுக் கருவியோ, பொத்தான் போனோ, ஓடாத கணினியின் வன்தட்டோ இருந்தால் இந்த மாதமே எடுத்துப் பாருங்கள். கருவியோடு வந்த சிடியைத் தேடி எடுங்கள். எக்ஸ்பி ஓடும் பெட்டி யாரிடமாவது இருந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போகவிடாதீர்கள். எந்த வழியும் இல்லையென்றால் ஒரு கம்பியும் ஆடாசிட்டியும் போதும், பாடவிட்டுப் பதியுங்கள். மூலப்படியை வேவிலோ ஃப்ளாக்கிலோ வையுங்கள், பாடியவர் பெயரைத் தமிழில் எழுதுங்கள். ஒரு படியை அவர்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள்.